வேலியில் பூத்த நஞ்சு



அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியைப் பலரும் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அறிவர். நிலவியல் அறிஞர்களோ அதனை வேறொரு காரணத்தால் அறிவர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல் இருந்தது. அக்கடலின் சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புப் பாறைத் தொகுதிக்குக் 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்றே அவர்கள் பெயரிட்டுள்ளனர். இன்று அரியலூர் வட்டாரத்துச் சிமெண்டு ஆலைகளுக்கு உணவாவது இத்தகைய பழங்கடலின் சுண்ணாம்புக் கல்லே.

சுண்ணாம்பு மண், குறைந்த நீர், நீண்ட கோடை, சாலையெங்கும் லாரிகள் எழுப்பும் வெண்புழுதி. இத்தனைக்கும் ஈடுகொடுத்து ஆண்டு முழுவதும் பசுமை மாறாது நிற்கும் பூஞ்செடி எது? அரளி. ஆகவேதான் வீட்டு முகப்பிலும், பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்திலும், கோயில் நந்தவனத்திலும், நம் ஆலய வளாகங்களிலும், கல்லறைத் தோட்டங்களிலும் அது இடம்பெற்றுவிட்டது. பெரம்பலூர் வழியே செல்லும் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலும் செவ்வரளியும் வெள்ளரளியும் வரிசையாய் நிற்கக் காண்கிறோம். எதிர்வரும் ஊர்தியின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யாமல் அது மறைக்கிறது. புகையையும் தூசியையும் தாங்குகிறது. கால்நடைகள் அதை நாடிச் சாலைக்கு வருவதில்லை.

கல்லங்குறிச்சிப் பக்கத்து மூதாட்டி ஒருவரிடம் வேலிக்கு அரளியைத் தேர்ந்தது ஏனென்று கேட்டோம். "ஆடு வாய் வைக்காது, தண்ணி கேக்காது, வருசம் பூரா பூக்குது. இதை விட்டா வேற என்னங்க சாமி வைக்கிறது?" என்றார். மறுக்கவொண்ணாத நியாயம். ஆயினும் ஆடு ஏன் வாய் வைப்பதில்லை என்ற வினாவையும் நாம் உடன் எழுப்பியாக வேண்டும். அவ்வினாவே இம்மாதச் சிந்தனைக்குப் பொருள்.

அரளி என்று நாம் பொதுவாகச் சொல்வது இருவகைச் செடிகளை. ஒன்று செந்நிறத்திலும் வெண்ணிறத்திலும் கொத்தாகப் பூப்பது. வடமொழியில் அதற்குக் கரவீரம் என்று பெயர். திருவாரூர்ப் பகுதியில் திருக்கரவீரம் என்னும் சிவத்தலமே உண்டு. அத்தலத்தின் மரமும் அரளியே. மற்றொன்று மஞ்சள் அரளி. மணி வடிவப் பூவும், குறுகிய நீண்ட இலையும், முக்கோணம் போன்ற பசுங்காயும் உடையது. யாழ்ப்பாணத்தார் இதனை அலரி என்பர். இது நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளிலிருந்து வந்து குடியேறியது. இருவகையும் நஞ்சே. இலை, பூ, பட்டை, வேர், பால், விதை என எப்பகுதியும் விலக்கன்று. மஞ்சள் அரளியின் விதை யாவற்றினும் கொடியது.

அரளியைப் பழிப்பது நம் நோக்கமன்று. சீராக்கின் ஞான நூலில் ஞானத்திற்கு உவமையாக வரும் எரிக்கோவின் ரோசா, உண்மையில் யோர்தான் கரையில் செழிக்கும் அரளியே என்று கருதும் விவிலிய அறிஞர் உளர். இத்தாலியின் தஸ்கனி நாட்டில் அதற்குப் 'புனித சூசையப்பரின் கோல்' என்ற பெயர் வழங்குகிறது. சூசையப்பர் கையிலிருந்த கோல் பூத்தது என்னும் மரபுக் கதையை ஒட்டி எழுந்த பெயர் அது. 1945-இல் அணுகுண்டால் எரிந்த ஹிரோஷிமாவில் மீண்டும் முதலில் பூத்த செடிகளுள் அரளியும் ஒன்று. இன்று அதுவே அந்நகரத்தின் மலர். மறுபுறம், மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தில் கொலைக்களத்திற்கு இட்டுச் செல்லப்படும் சாருதத்தன் கழுத்தில் கிடப்பதும் அரளி மாலைதான். உயிர்ப்பின் அடையாளமும் சாவின் அடையாளமும் ஒரே கொம்பில் பூத்திருக்கின்றன.

இனி, இந்நஞ்சு வேலை செய்யும் முறையைச் சற்றே அறிவோம். நம் இதயம் சுருங்கி விரிவதற்குச் சோடியம், பொட்டாசியம், கால்சியம் என்னும் உப்புக்களின் அளவு உயிரணுக்களின் உள்ளும் புறமும் ஒழுங்காக இருத்தல் வேண்டும். அவ்வொழுங்கைக் காக்கும் நுண்ணிய இயக்கத்தை அரளியின் நஞ்சு தடுத்து நிறுத்திவிடுகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, நாடி தளர்கிறது, துடிப்பு தாளம் தவறுகிறது. முதலில் தெரிவன வாந்தியும் வயிற்றுப்போக்கும் தலைச்சுற்றலும் மட்டுமே. 'பித்த வாந்தி' என்று எண்ணி வீட்டிலேயே இருத்திவிடுவோர் பலர். வாந்தி நின்று நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே பல மணி நேரம் கழித்து இதயம் திடுமென நின்றுவிடுவதும் உண்டு. இந்நஞ்சின் வஞ்சகம் இதுவே.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியைச் சேர்ந்த இளம் செவிலியர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட வேளையில் நோயுற்று இறந்தார். அரளியை அறியாது மென்றதே காரணம் என்ற ஐயம் எழுந்தது. அதைத் தொடர்ந்து அவ்வாண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டும் மலபார் தேவசம் போர்டும் தத்தம் கோயில்களில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்கலாகாது என விலக்கின. மாலை கட்டுவதற்கு அவை தடை சொல்லவில்லை. வாய்க்குள் செல்லக்கூடிய வழியை மட்டும் அடைத்தன. நமக்கும் இது நல்ல முன்மாதிரி. நற்கருணைப் பவனியில் பூத்தூவும் சிறுமியரின் தட்டில் அரளி வேண்டா. ரோசாவும் சாமந்தியும் போதும். பூவெடுத்த விரலை வாயில் வைப்பது குழந்தை இயல்பு.

அறியாமல் உண்போர் சிலரே. அறிந்தே உண்போரைப் பற்றிப் பேசத்தான் நாம் எழுதுகோலை எடுத்தோம்.

யாழ்ப்பாணத்தில் அலரி வேலிகள் நெடுங்காலமாக இருந்தன. ஆயினும் அதை உண்டு உயிர்மாய்க்கும் வழக்கம் அங்கே ஏறக்குறைய இல்லை. 1980-இல் இரண்டு இளம்பெண்கள் அவ்விதம் இறந்தனர். செய்தி நாளிதழ்களில் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்கு இத்தகையோர் நூற்றுக்கணக்கில் வரலாயினர். பின்னர் அது இலங்கையின் பிற பகுதிகளுக்கும் பரவி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரை மருத்துவமனைக்குக் கொணர்ந்தது. 1999-இல் இங்கிலாந்தின் மருத்துவ ஏடு ஒன்று இதனை ஒரு கொள்ளைநோய் என்றே விவரித்தது. கிருமி இல்லாத கொள்ளைநோய்! செடி பழையது, அதைக் குறித்த பேச்சுத்தான் புதியது. எவ்வளவு, எவ்விதம் என்ற விவரம் எதையும் இப்பக்கத்தில் நாம் எழுதாமைக்குக் காரணம் இதுவே. உங்கள் வீட்டுத் திண்ணையிலும், இறப்பு வீட்டிலும், கைபேசிச் செய்தியிலும் அதே அடக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். ஒரு சாவின் வழியை விவரித்துரைப்பது இன்னொருவருக்கு வழி காட்டுவதாகிவிடும்.

இலங்கை மருத்துவர்கள் கண்ட உண்மை ஒன்று நம் நெஞ்சில் பதியத்தக்கது. அலரி உண்டு வந்தவருள் மிகப் பலர் இளையோர். மாதக்கணக்காகச் சாவைத் திட்டமிட்டவர் அல்லர். தந்தையின் கடுஞ்சொல், கணவன் மனைவி பூசல், தேர்வில் தோல்வி, காதலில் முறிவு என ஒரு நாழிகைச் சினத்திலும் நாணத்திலும் கை நீட்டியவர்கள். கைக்கெட்டும் தொலைவில் நஞ்சு இருந்தது. அந்த நாழிகை கடந்திருந்தால் அவர்களுள் பெரும்பாலோர் வாழவே விரும்பியிருப்பர்.

இதற்கு வலுவான சான்றும் இலங்கையிலேயே உண்டு. அந்நாடு 1995-இல் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளையும், 1998-இல் எண்டோசல்பானையும், பின்னர் பாராகுவாட் போன்றவற்றையும் படிப்படியாக விலக்கியது. 1995 முதல் 2015 வரையிலான 20 ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. வறுமை ஒழிந்துவிடவில்லை, போரும் நெடுங்காலம் நடந்தது, மனிதரின் துயரமும் தீரவில்லை. எட்டிய கையில் கொடிய நஞ்சு அகப்படவில்லை, அவ்வளவே. 'சாக நினைப்பவன் எப்படியும் சாவான்' என்று நம்மிடையே வழங்கும் சொல் எத்துணைப் பிழையானது! பூச்சி மருந்தை அரசு தடை செய்யலாம். வேலிச் செடியை யார் தடை செய்வது? வீட்டாரே செய்தல் வேண்டும்.

அரளிக்கு நம் நாட்டில் வேறொரு கறையும் உண்டு. 1986-இல் உசிலம்பட்டி வட்டாரத்தின் பெண் சிசுக்கொலைச் செய்தி நாடெங்கும் அதிர்ச்சியை எழுப்பியபோது, எருக்கம்பாலோடு அரளியின் பெயரும் சேர்ந்தே வந்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றது இத்துயரத்தின் பின்னணியில்தான். பூவுக்காக வைத்த செடியை மனிதர் கை எதற்கெல்லாம் பயன்படுத்தியது என்பதை நம் மகளிர் மறந்துவிடலாகாது.

இவ்விடத்தில் திருச்சபையின் மனத்தையும் சொல்லிவிடுவோம். இன்னும் பலர் பழைய நினைவிலேயே உள்ளனர். தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோயில் அடக்கம் இல்லை என்பது 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் இருந்த விதி. 1983-இல் வெளிவந்த புதிய திருச்சபைச் சட்டத்தொகுப்பு, அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவில்லை. 1992-ஆம் ஆண்டின் கத்தோலிக்க மறைக்கல்வி நூல், உயிர் இறைவன் தந்த கொடை, அதன் உரிமையாளர் நாமல்லோம் என்பதை உறுதியாகக் கற்பிக்கிறது. கூடவே கடும் மனநோயும் தாங்கொணா வேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அத்தகையோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கூறுகிறது. ஆகவே, அத்தகைய இழப்பு நேர்ந்த வீட்டாரை ஒதுக்காதீர்கள். அவர்கள் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அப்பழியை எடுத்துப் பேசாதீர்கள். பங்குத்தந்தையிடம் வரத் தயங்கி, இரவோடிரவாக அடக்கத்தை முடிக்க எண்ணும் குடும்பங்களும் உள்ளன. அவர்களுக்குச் சொல்லுங்கள்: திருப்பலி உண்டு, செபம் உண்டு, கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியும் உண்டு.

இனி, செய்ய வேண்டுவன.

முதலாவது, இடம் அறிந்து வைத்தல். நெடுஞ்சாலை நடுத்திட்டில் நிற்கும் செவ்வரளியால் நமக்கு இடரில்லை. பள்ளி, பாலர் விடுதி, மாணவர் இல்லம், கைக்குழந்தை தவழும் முற்றம், மாட்டுத்தொழுவம் ஆகிய இடங்களில் இருவகை அரளியும் வேண்டா. சிறப்பாக மஞ்சள் அரளியை வீட்டு வேலியிலிருந்து அகற்றிவிடுதலே நன்று. அகற்றும்போது கையுறை அணிக. பால் கண்ணில் படாமல் காக்க. வெட்டிய கிளையை எரித்தலாகாது. அப்புகையும் தீங்கு செய்யும். குழி தோண்டிப் புதையுங்கள். பச்சை இலையை வெறுக்கும் ஆடு, வாடிக் காய்ந்த இலை வைக்கோலோடு கலந்தால் அறியாது தின்றுவிடும். அரளிக் குச்சியால் பல் துலக்குதலும், அதை அடுப்பெரிக்கவோ இறைச்சி வாட்டவோ கொள்ளுதலும் அறவே கூடா.

இரண்டாவது, மாற்றுச் செடி. மூதாட்டி கேட்ட வினாவுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆடு தொடாத செடி வேண்டுமா? பெயரிலேயே அதைச் சொல்லி நிற்கிறது ஆடாதோடை. என்றும் பசுமை, வெண்ணிறப் பூ, இருமலுக்கு நம் நாட்டு மருத்துவம் போற்றும் இலை. கருவுற்ற தாய்மார் மட்டும் மருத்துவர் சொல்லின்றி அதை உட்கொள்ளலாகாது. நொச்சியும் அத்தகையதே, வறட்சியைத் தாங்கும், ஆடு நாடாது, இலையை ஆவி பிடிக்கலாம், கொசுவுக்குப் புகை போடலாம். பழந்தமிழர் போர் இலக்கணத்தில் கோட்டை மதிலைக் காத்து நின்ற வீரர் சூடிய பூ நொச்சி. வீட்டைக் காக்கும் வேலிக்கு இதைவிடப் பொருத்தமான செடி எது? முள்வேலி வேண்டுவோருக்குக் கிளுவை உண்டு. சுவருக்குள்ளே பூ வேண்டுவோருக்குச் செம்பருத்தியும், இட்லிப் பூவும், பவழமல்லியும், மல்லிகையும் உண்டு.

வேறு சில செடிகளையும் அறிந்திருங்கள். கூடத்தில் தொட்டியில் வைக்கும் டிஃபன்பேச்சியாவின் இலையை மென்றால் நாவும் தொண்டையும் வீங்கும். நம் இல்லங்களில் பக்தியோடு வளர்க்கும் 'கிறிஸ்துவின் முள்முடி'யின் பாலும், வேலியோரத் திருகுகள்ளியின் பாலும் கண்ணுக்குப் பெருங்கேடு. காட்டாமணக்கு விதையைப் பருப்பென்று தின்று பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாய் மருத்துவமனை செல்வது நாளிதழில் அடிக்கடி காணும் செய்தி. குன்றிமணியின் தாவரப் பெயருக்கே 'செபத்திற்குரியது' என்று பொருள். செபமாலை மணியாகக் கோக்கப்பட்டதால் வந்த பெயர். கொடிய நஞ்சுடைய அவ்விதையைத் துளையிடுவதும் குழந்தைக்கு விளையாடக் கொடுப்பதும் தவறு. கிறிஸ்து பிறப்புக் காலத்துச் சிவப்பு இலைச் செடியான பாயின்செட்டியாவைக் கொல்லும் நஞ்சென்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் மிகை, அதன் பால் சிறிது எரிச்சல் தரும், அவ்வளவே. அறிவு வேண்டுமேயன்றிக் கண்டதற்கெல்லாம் நடுங்குதல் வேண்டா. அரளியின் குடும்பத்தைச் சேர்ந்த நித்தியகல்யாணியிலிருந்துதானே குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தீர்க்கும் மருந்து கிடைத்தது! இறைவன் படைப்பில் வீண் ஒன்றுமில்லை.

மூன்றாவது, நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டுவது. உப்பு நீரோ, சாணக் கரைசலோ, புளிக் கரைசலோ ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் சென்று மூச்சையே அடைத்துவிடும். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. செடியின் ஒரு கொம்பைக் கையோடு கொண்டு செல்லுங்கள். நோயாளி தெளிந்தாற்போல் தோன்றினாலும் மருத்துவர் விடுவிக்கும்வரை வீடு திரும்பாதீர்கள். இதயத் துடிப்பை இயந்திரத்தால் தொடர்ந்து கண்காணித்தல் இன்றியமையாதது. நடந்ததை மறைக்காதீர்கள். காவல் துறைக்கு அஞ்சிப் 'பழைய சோறு சேரவில்லை' என்று பொய் சொல்லிக் காலம் கடத்துதல் கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், உயிர்மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதி, தண்டிக்காமல் பேணிக் காக்க வேண்டும் என்கிறது.

நான்காவது, யாவற்றினும் பெரிது: ஆளைக் கவனித்தல். 2 அரசர்கள் நூலின் 4-ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பஞ்ச காலம். எலிசா இறைவாக்கினரின் சீடருக்காக உலையேற்றுகின்றனர். கீரை பறிக்கச் சென்ற ஒருவன், இன்னதென்று அறியாமல் காட்டுக் கொடியின் காய்களை மடி நிறையக் கொணர்ந்து அரிந்து போடுகிறான். உண்ணத் தொடங்கியவர்கள், பானையில் சாவு இருக்கிறதென்று அலறுகின்றனர். எலிசா சிறிது மாவை அதில் இட, உணவு தீங்கற்றதாகிறது. மாவினால் நடந்த அருங்குறியை நாம் பலமுறை மறையுரையில் கேட்டிருக்கிறோம். அதற்கு முன் நடந்த இரண்டை எண்ணிப் பார்த்தோமா? உண்டவர்கள் வாய்விட்டு அலறினார்கள். கேட்க வேண்டியவர் காதுகொடுத்துக் கேட்டார். அலறாதிருந்தால், அல்லது அலறியவரைப் 'பேசாமல் சாப்பிடு' என்று அடக்கியிருந்தால், மாவுக்கு அங்கே வேலையே இல்லை.

நம் வீடுகளில் பிள்ளைகள் அலறுவதில்லை; மௌனமாகிறார்கள். உண்ணாமல் எழுகிறார்கள், தமக்குரிய பொருளைத் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறார்கள், 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்கிறார்கள். அதுவே அவர்களுடைய அலறல். தேர்வு முடிவு வரும் நாளில் மதிப்பெண்ணைக் கேட்குமுன் சோறிட்டுப் பேசுங்கள். வெளிப்படையாகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டியதாகும் என்று அஞ்ச வேண்டா. அன்போடு கேட்பது பாரத்தை இறக்குகிறது. தனியே விடாதீர்கள். அரசின் 14416, 104 ஆகிய எண்களில் எந்நேரமும் பேசலாம். சென்னையில் 1986 முதல் தொண்டாற்றும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. பங்குத்தந்தையின் இல்லத்துக் கதவும் நள்ளிரவிலும் தட்டத்தக்கதே.

இம்மழைக்காலத்தில் உங்கள் வேலியைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். அகற்ற வேண்டியதை அகற்றி, அவ்விடத்தில் நொச்சிக் கொம்பை ஊன்றுங்கள். மழை ஈரத்தில் எளிதில் வேர் பிடிக்கும். பிறகு வீட்டினுள் நுழைந்து, சில நாள்களாக வாய் திறவாதிருப்பவர் யாரேனும் உண்டா என்று பாருங்கள். உண்டெனில் அவர் அருகே அமருங்கள். உயிரின் ஊற்றாகிய ஆண்டவர் உங்கள் இல்லத்தையும், அதன் வேலியையும், வேலிக்குள் வளரும் இளந்தளிர்களையும் காத்தருள்வாராக.